மறியல் என்று சொன்னார்

ஆகஸ்ட் 21, 2025

இன்ஜினியர் குகன் படம் கொண்டுவந்தார். செருப்பைக் கழற்றும்போதே "ஆயிரும் சிஸ்டர்" என்றார். எதையும் பார்க்காமலே ஆயிரும் என்பவரை எப்படி நம்புவது? (நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றும் நாயுடுபுரத்தில் நான் சிஸ்டர்தான்.)

படம் என்னவோ நன்றாகத்தான் இருக்கிறது. சமையலறைப் பின்கதவை ஒட்டி, சரிவின் மேல் தூண் நிறுத்தி, வீட்டுத் தரைக்குச் சமமாக ஒரு மரத்தளம். என் வீட்டுக்காரருடைய சக்கர நாற்காலியை நேரே வெயிலுக்கு உருட்டிவிடலாம். இந்த வீட்டில் வெயில் விழுவது பின்பக்கம் மட்டும்தான். அந்தக் கதவைத் திறந்தால் பள்ளம். இடுப்பு ஒடிந்ததிலிருந்து இவர் போர்வைக்குள் சுவரைப் பார்த்தபடி கிடக்கிறார். பேச்சே குறைந்துவிட்டது. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

நகராட்சி அனுமதி வந்த பிறகே குழி தோண்ட வேண்டுமாம்.

ஆகஸ்ட் 24

கீழ்வீட்டுக் கணபதி வேலியோரம் நின்று நம் பின்பக்கத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார். போனில் படமும் எடுத்தார். சின்ன வயதில் சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த குடும்பம். போன சித்திரையில்தான் இங்கே வீடு வாங்கினார். என் தூண்கள் அவர் முற்றத்துக்கு நேர் மேலே வரும்.

எதற்குப் படம்?

ஆகஸ்ட் 29

மனு கொடுத்துவிட்டேன். ஒரு நாள் வந்து இடத்தைப் பார்ப்பார்களாம். நான் வெளியே வர, கணபதி உள்ளே போகிறார்.

"என்னண்ணே இந்தப் பக்கம்?"

"தண்ணி வரி கட்ட."

தண்ணி வரியாம். நம்பிவிட்டேன்.

செப்டம்பர் 5

இவர் இன்று பேசியது ஒரே வார்த்தை. "குளிருது."

செப்டம்பர் 10

கணபதி வீட்டுக்கே வந்துவிட்டார். இவரிடம் உடம்பை விசாரித்தார். டீ குடித்தார். கிளம்பும்போது வாசலில் நின்று மெதுவாகச் சொன்னார்:

"மழைக்கு முந்தி முடிக்கணும்னு அவசரப்படாதீங்க சிஸ்டர். பெர்மிட் வராம தூண் நட்டா மறியல்தான். விளங்குதா?"

விளங்காமல் என்ன? நான் கொடுத்த டீயையும் குடித்துவிட்டு, என் வாசலிலேயே மிரட்டல். மரம் ஏற்றிய லாரி அவர் வீட்டைத் தாண்டித்தான் வர வேண்டும். நாலு பேரைக் கூட்டிவந்து நடுப்பாதையில் உட்கார்ந்துவிட்டால் நான் என்ன செய்வேன்? பெர்மிட் என்பது சாக்கு. அது வந்தாலும் வேறு சாக்கு வராமலா போகும்?

செப்டம்பர் 14, ஞாயிறு

செய்துவிட்டேன்.

தூண் நின்றுவிட்டால் அப்புறம் எதை மறிப்பார்? கொத்தனார் கதிர்வேலிடம் நேற்றே சொல்லிவைத்தேன். "வெள்ளனே வாங்க, வெரசா முடிங்க." கணபதி வீட்டுக் கதவு திறக்கும் முன்பே லாரி மேலே வந்துவிட்டது. குழி தோண்டி முதல் வரிசைத் தூணும் நட்டாயிற்று. பேப்பர் அதுபாட்டுக்கு வரட்டும்.

வார்டில் சீட்டு இல்லாமல் ஒரு மாத்திரை கொடுத்ததில்லை நான். நானா இது?

செப்டம்பர் 16

நகராட்சியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். தூணைப் பார்த்தார்கள். வேலையை நிறுத்தச் சொல்லி நோட்டீஸ். தூணைப் பிடுங்கிக் குழியை மூட வேண்டும். மழைக்காலம் முடிந்து புதிதாக மனு போட வேண்டும். அப்படியென்றால் இந்தக் குளிர் முழுக்க இவருக்கு அந்தச் சுவர்தான்.

வேறு யார் சொல்லியிருப்பார்கள்? நேரே கீழே இறங்கிப் போனேன். கணபதி கேரட் கழுவிக்கொண்டிருந்தார்.

"மறியல்னு சொன்னீங்க, நேருல நின்னு மறிக்காம பின்னாடி போய்ச் சொல்லிட்டீங்க. நீங்கள்லாம் ஒரு மனுசனா?"

அவர் முகம் கறுத்துவிட்டது. "யாரு சிஸ்டர் மறியல்ல இருந்தது? நான் ஒரு நாளும் மறியலுக்குப் போனதில்ல. எங்க வம்சத்துலயே யாரும் போனதில்ல."

"நீங்கதானே சொன்னீங்க, மறியல்தான்னு?"

"ஆமா. கவர்மெண்டுல புடிச்சு உங்கள மறியல்ல வச்சிட்டா அவர யாரு பாக்குறது? அதுக்குத்தான் சொன்னேன்."

உள்ளேயிருந்து அவர் மனைவி வேலம்மா வந்தார். "ஜெயிலச் சொல்றாரு சிஸ்டர். எங்க தோட்டத்துல ஜெயிலுக்கு அதான் பேரு. இங்க மறியல்னா ரோட்டுல குந்துறதுன்னு எத்தன தடவ சொன்னாலும் இந்த மனுசனுக்கு ஏறாது."

வீட்டுக்கு வந்து குகனுக்குப் போன் போட்டேன். "யாரும் சொல்லலைங்க சிஸ்டர். நீங்க மனு குடுத்தீங்கள்ல? இடம் பாக்க வந்திருக்காங்க."

நானே கூப்பிட்டு, நானே மாட்டியிருக்கிறேன்.

செப்டம்பர் 17

வெட்கம். கீழே போய் மன்னிப்புக் கேட்கக் காலே வரவில்லை.

அக்டோபர் 6

மழை விட்ட காலை. கணபதியும் அவர் மகனும் வாசலில்.

"எங்க முற்றத்துல நல்ல வெயில் சிஸ்டர். இவர இறக்கிக்கிட்டுப் போகவா?"

ரோட்டைச் சுற்றி, இறக்கத்தில் இரண்டு பேரும் நாற்காலியை இழுத்துப் பிடித்துக்கொண்டு போனார்கள். வாய்கூசாமல் அப்படிப் பேசியவளுக்கு இந்த உபகாரமா? இதற்குப் பின்னால் என்ன இருக்கும்? தளமே வேண்டாம் என்று சொல்லவைக்கப் பார்க்கிறாரோ?

சாயங்காலம் இவரிடம் கேட்டேன். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்றார். முழுதாக ஒரு வாக்கியம். எத்தனை நாளாயிற்று.

அக்டோபர் 19

மழை. ஆள் கிடைத்தாலும் அந்த ரோட்டில் நாற்காலி இறங்காது. இவர் காலையிலிருந்து பின்கதவைத் திறந்துவைக்கச் சொல்லிக் கீழேயே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

நவம்பர் 12

இவர் போனில் ஒரு படம் காட்டினார். நம் பின்பக்கச் சரிவில் காட்டெருமை ஒன்று ஜம்மென்று நிற்கிறது. ஆகஸ்டில் கணபதி எடுத்ததாம், இவருக்கு அனுப்பியிருக்கிறார்.

அந்தத் தண்ணி வரியும் உண்மைதான் போல.

டிசம்பர் 15

புது மனு கொடுத்தேன். மண்ணைத் தொடவில்லை.

ஜனவரி 22, 2026

அனுமதி வந்துவிட்டது. காகிதத்தோடு வீட்டுக்கு ஓடிவந்தால் நாற்காலியைக் காணோம். பின்கதவைத் திறந்தேன். கீழே கணபதி முற்றத்தில் வெயிலில் இருவர் தலையும் தெரிந்தது. இவர் சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பற்றித்தான் இருக்கும்.

வந்ததும் கேட்டேன், அப்படி என்ன பேச்சு என்று. "சும்மா கதைச்சுக்கிட்டு இருந்தோம்." கணபதியின் வார்த்தை இவர் வாயில்.

அனுமதியைக் காட்டினேன். சந்தோஷப்பட்டார். பிறகு படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுலேர்ந்து கீழ போக வழி இல்லையா?"

இல்லை. அந்தத் தளத்தில் உட்கார்ந்தால் கணபதி முற்றத்தை மேலேயிருந்து பார்க்கத்தான் முடியும்.

ஜனவரி 24

தளத்திலிருந்து கீழே வளைந்து இறங்கும் பாதை வைக்கலாம் என்கிறார் குகன். ஆனால் படம் மாறினால் மறுபடி மனு, மறுபடி காத்திருப்பு. "மாத்துங்க" என்றேன். என் வாயிலிருந்துதான் வந்தது.

பாதை போய்ச் சேர கணபதியின் வேலியில் ஒரு கதவு வேண்டும். கேட்கப் போனேன். செப்டம்பரில் பேசியதற்கு மன்னிப்பும் கேட்டேன். அதைக் காதில் வாங்காத மாதிரி, வேலியில் எந்த இடம் என்று காட்டச் சொன்னார். இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்கிறாரே என்று உள்ளே ஒரு முள் குத்தியது. அது என் புத்தி, போகாது.

கிளம்பும்போது சொன்னார்:

"பெர்மிட் வர்ற வரைக்கும் கைய வைக்காதீங்க சிஸ்டர். மறியல்தான்."

இந்தத் தடவை விளங்கியது.