உதடு ஒட்டாத பேச்சு

ஜனவரி 8, வியாழன்

பனி. எங்கள் உறுவையாறு ஊரே தெரியவில்லை. பஞ்சர் கடை திறந்தும் ஒரு வண்டி வரவில்லை.

காலையில் கலா பால்வாடிக்குக் கிளம்பும்போது சிங்காரியை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். என் பழைய சாக்ஸில் அவளே தைத்த பொம்மை. கையை உள்ளே விட்டால் வாய் திறக்கும், தலை திரும்பும். பேசுவது கலாதான், ஆனால் கலாவின் உதடு அசையாது. பால்வாடிப் பிள்ளைகளை உட்கார வைக்க ஆரம்பித்தது. இப்போது காணும் பொங்கலுக்கு ஏம்பலத்தில் மேடை. அவள் பிறந்த ஊர்.

"நானா, டீ எங்க?" என்றது பொம்மை.

"நானா யாருடி?"

"மாமான்னு சொன்னா ஒதடு ஒட்டுது மாமா. அதான்."

வசனம் எழுதுவது என் பொறுப்பாம். ப, ம சொல்ல இரண்டு உதடும் ஒட்ட வேண்டும். வ சொல்ல மேல்பல் கீழுதட்டைத் தொட வேண்டும். மூன்றையும் விலக்கி எழுதப் பார்த்தேன்.

முடியாதவை: வணக்கம், வா, போ, பொங்கல், மாடு, கரும்பு, நான் (மாமா), ஏம்பலம்.
முடிந்தவை: இன்னா, அக்கா, தாத்தா, ஆயா, தண்ணி, கடலூர்.

வா, போ கூட வராதவளை வைத்துக்கொண்டு தமிழில் என்ன பிழைப்பு? நல்லவேளை, நாம் பாட்டியை 'ஆயா' என்கிற ஊரில் பிறந்தோம்.

ஜனவரி 10, சனி

பஞ்சர் இரண்டு, செயின் ஒன்று.

மாமியார் ஃபோன். கலா ஸ்பீக்கரில் போட்டிருந்தாள், எனக்கும் கேட்டது. "அந்தப் பொம்மயத் தூக்கிகினு இங்க வராத. புள்ள இல்லாதவ பொம்மய கொஞ்சிகினு திரியறான்னு பேசுவாளுங்க. என்னால காது குடுத்துக் கேக்க முடியாது."

கலா ஒரே பெண். எங்களுக்கும் இன்னும் குழந்தை இல்லை. யார் யாரோ பேசியது போதாதென்று பெற்றவளும் பேசிவிட்டாள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. கலா ஃபோனை வைத்துவிட்டு மாவு கரைத்தாள். அப்புறம் பீரோ கண்ணாடி முன்னால் போய் நின்றாள்.

"போறியா?"

"போவாம?"

ஜனவரி 12, திங்கள்

இன்றும் பனி. மனசு முழுக்க உதடு.

ஒருவர் வந்து, "பிரேக் புடிக்கல பா" என்றார். உதடு மூன்று முறை ஒட்டியதைப் பார்த்துக்கொண்டே நின்று, என்ன கோளாறு என்று திரும்பக் கேட்டேன். முறைத்தார்.

ஆனால் எப்பேர்ப்பட்ட சாமான் இந்த உதடு! ட்யூப் வால்வு மாதிரிதான். காற்றைப் பிடித்து வைத்து, சட்டென்று திறந்தால் ப. மூடியபடியே மூக்கு வழியாகக் கசியவிட்டால் ம. இத்தனை வருஷம் மூஞ்சியில் வைத்துக்கொண்டு சோறு தின்ன மட்டும்தான் என்று நினைத்திருக்கிறேன்.

பக்கத்து வீட்டுக் குழந்தைக்குப் பல்லே முளைக்கவில்லை, ம்மா, ப்பா என்று அதகளம் பண்ணுகிறது. அதற்குச் சுலபமானதுதான் சிங்காரிக்குக் கஷ்டம்.

கலா விடுவதாக இல்லை. "வசனத்த மாத்தாத மாமா. நானே சொல்லப் பாக்கறேன்." நாக்கை மேல்பல்லுக்குப் பின்னால் ஒட்டி, மனசில் ப என்று நினைத்துக்கொண்டு சொல்கிறாள். வாயில் வருவது த மாதிரி ஒன்று. கேட்கிறவன் காது அதை ப ஆக்கிக்கொள்கிறது. உ, ஊ வந்தால் உதட்டைக் குவிக்காமல் லேசாகச் சிரித்த வாக்கில் சமாளிக்கிறாள். தோசை ஊற்றும்போதும் இதே வேலை. தாடை வலிக்கிறது என்று உப்புத் தண்ணீர் கொப்பளிக்கிறாள். எனக்கு இந்தப் பிடிவாதத்தில் கால்வாசி வராது.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். நன்றாகப் பொங்கியது. கரும்பு கடித்து என் வாய் புண்.

சிங்காரி இன்று "மாமா" என்றாள். கிட்டத்தில் நின்று பார்த்தேன், கலாவின் உதடு துளி அசையவில்லை. கை தட்டிவிட்டேன்.

ஒன்று கவனித்தேன். மாடு, பொங்கல், மாமா, ஏம்பலம் எல்லாம் பழகுகிறாள். அம்மா மட்டும் பழகவில்லை. கேட்டேன். "அது எதுக்கு மாமா, வசனத்துலயே இல்லியே" என்றாள்.

அவள் சித்தப்பா மகன் தினேஷ் ஃபோன் பண்ணினான். "மாமா, அக்கா வாய ஜூம் பண்ணி வீடியோ எடுக்கப் போறன். ஆடிச்சுனா ஊரு குரூப்ல போட்ருவன்."

ஜனவரி 18, ஞாயிறு

நேற்று இரவு ஏம்பலத்திலிருந்து வந்து அப்படியே படுத்துவிட்டேன். இப்போது எழுதுகிறேன்.

உறியடி முடிந்து கலா ஏறினாள். மாமியார் முன் வரிசையில், சிவப்புச் சேரில், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு. மேடையோரம் தினேஷ், ஃபோனோடு. உதடு ஆடுகிறதா என்று பார்க்கிற வேலை எனக்கு.

"இன்னாயா இது, ஏம்பலத்துல இத்தன சனங்க!" என்றாள் சிங்காரி. ஏம்பலம் சுத்தமாக விழுந்தது. கலா சும்மா சிரித்த வாக்கில் நிற்கிறாள். தினேஷே கத்திவிட்டான்: "ஆடவே இல்லடா!" ஒரே விசில். என் பெண்டாட்டி என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னேன். அவர் கேட்கவே இல்லை.

எல்லாம் வசனப்படி போனது. அப்புறம் கீழே உட்கார்ந்திருந்த ஒரு சின்னப் பெண் எழுந்து கேட்டது:

"சிங்காரி, உங்க அம்மா யாரு?"

வசனத்தில் இல்லை. பெரியவர்களுக்கு விஷயம் தெரியும். மாமியார் இப்போது மேடையைப் பார்த்தார்.

சிங்காரி மெதுவாகத் திரும்பிக் கலாவின் முகத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். "அம்மா" என்றாள்.

உதடு ஆடியதா, தெரியாது. நான் பார்த்தது கலாவின் கண்ணை. தினேஷ் ஃபோனை எப்போதோ இறக்கிவிட்டிருந்தான்.

பிறகு சிங்காரி முன் வரிசைப் பக்கம் திரும்பினாள்.

"ஆயா!"

சொந்தம் என்று யாரும் அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை. மாமியார் யோசிக்கவே இல்லை.

"இன்னாடி கண்ணு?"

சொன்ன பிறகுதான் தெரிந்தது அவருக்கு. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். ஊரே சிரித்தது. என்னால் சிரிக்க முடியவில்லை.

கிளம்பும்போது கலா சிங்காரியைக் கட்டைப்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள். மாமியார் வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"மூடாதடி. மூச்சு முட்டும்."