திட்டாத நாள்

மார்ச் 3, செவ்வாய்

இன்றும் டிக்கெட் கவுண்டர்தான். பன்னிரண்டு வருடம் நீச்சல் குளத்தின் கரையில், உயிர்காப்பாளரின் அந்த உயர நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள் நான். ஆபரேஷனுக்குப் பிறகு, இப்போது கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து நீந்த வருகிறவர்களுக்கு டோக்கன் கிழித்துக் கொடுக்கிறேன். என் நாற்காலியில் விசில் உட்கார்ந்திருக்கிறான். வாயிலிருந்து விசிலை எடுக்கவே மாட்டான் என்பதால் நான் வைத்த பெயர் அது. அவனுக்கு வேலை கற்றுக்கொடுத்ததும் நான்தான். "அக்கா, உடம்பைப் பாத்துக்குங்க" என்று அங்கிருந்தே கையாட்டுகிறான். பற்றிக்கொண்டு வருகிறது.

மார்ச் 7, சனி

நானும் என் வீட்டுக்காரரும் டாக்டரிடம் போனோம். மூளைக்கு அடியில் பட்டாணி அளவு சுரப்பியாம். அதிலிருந்த கட்டியை எடுத்தபோது சுரப்பியின் வேலையும் சேர்ந்து போயிற்று. மற்றவர்கள் ஓடினால், நீந்தினால், உடம்பே தேவையானதைக் கூட்டிச் சுரந்துகொள்ளும். என் உடம்புக்கு அந்தப் புத்தி கிடையாது. எல்லாம் மாத்திரைதான்.

"நீந்துங்க, யாரு வேணாம்னா? கொஞ்சம் கொஞ்சமா கூட்டுங்க. ரொம்ப நேரம் நீந்தற அன்னிக்கு நான் சொன்ன அளவு முன்னாடியே சேத்துப் போடுங்க. காய்ச்சல், வாந்தின்னா தண்ணி பக்கமே போகாதீங்க. மாத்திரை வயித்துல தங்கலைன்னா ஊசி, உடனே ஆஸ்பத்திரி. ஊசி போடத் தெரிஞ்சவங்க ஒருத்தர் கரையில இருக்கணும்."

நர்ஸ் ஒரு ஸ்பாஞ்சைக் கொடுத்து எனக்கு ஊசி போட இவருக்குச் சொல்லிக்கொடுத்தார். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற அதே முகத்தோடு இவரும் குத்தினார். வரும் வழியில் சொல்லிவிட்டேன்: குளத்தில் ஒருத்தரிடமும் இதைப் பற்றி மூச்சு விடக்கூடாது. ஆபரேஷன் நடந்தது மட்டும்தான் அவர்களுக்குத் தெரியும்; இன்னும் நோயாளி என்று தெரிந்தால் நாற்காலி நிரந்தரமாக விசிலுக்குத்தான்.

மார்ச் 11, புதன்

சாயங்காலம் நீந்தினேன். இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை, ஓய்வு, மறுபடி. இவர் பார்வையாளர் படியில் விடைத்தாள் கட்டோடு உட்கார்ந்திருந்தார். பையில் ஊசி. நான் கொஞ்சம் வேகம் எடுத்தால் போதும், சிவப்புப் பேனா நின்றுவிடுகிறது. "இன்னைக்குப் போதும்மா." ஜெயில் வார்டன்!

மார்ச் 19, வியாழன்

நாளை மீட்புப் பயிற்சி. மாதம் ஒருமுறை எங்களில் ஒருவர் தண்ணீரில் முழுகுவதுபோல் நடிக்க வேண்டும். மற்றவர்கள் கவனித்துப் பாய்ந்து இழுத்துக் கரையில் போட வேண்டும். மேனேஜர் 'முடிந்தது' என்று சொல்லும்வரை நடிப்பை விடக் கூடாது. இது நான் கொண்டுவந்த விதி. பாதியில் எழுந்து உட்கார்ந்து இளிக்கிறவர்களைப் பார்த்துக் கடுப்பாகிக் கொண்டுவந்தேன்.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "நாளைக்கு நீங்களே முழுகுங்க. அதுதான் உங்களுக்குச் சுலபம். நல்லா இருந்தீங்கன்னா நாற்காலி பத்திப் பேசலாம்."

சுலபமாம்! எத்தனை பேரை இழுத்துப் போட்ட கை இது. போகட்டும். நாற்காலி கிடைத்தால் சரி.

மார்ச் 20, வெள்ளி, காலை

வயிறு சரியில்லை. மாத்திரை போட்டேன், வாந்தி. திரும்பப் போட்டேன். அது தங்கியதா, தெரியவில்லை. இவரிடம் சொன்னால் கதவைப் பூட்டிவிடுவார். சொல்ல மாட்டேன். போகிறேன்.

மார்ச் 22, ஞாயிறு

ஆஸ்பத்திரி. எழுத்து கோணல்மாணலாகப் போகிறது.

நடிக்கவே வேண்டியிருக்கவில்லை. குளத்தின் நடுவில் கை கால் என்னுடையதாகவே இல்லை. விசில் பாய்ந்து வந்து சரியாகத்தான் இழுத்தான். கரையில் போட்டார்கள். கைதட்டினார்கள். கைதட்டினார்கள்! "அக்கா, சூப்பர் நடிப்பு!" என்று எவனோ கத்தினான். வாயைத் திறந்தால் வார்த்தை வரவில்லை. யாரும் தொடவில்லை. எப்படித் தொடுவார்கள்? நடிப்பைக் கலைத்தால் அக்கா கடித்துக் குதறிவிடுவாள் அல்லவா?

இவர் படியிறங்கி வந்து குனிந்து கேட்டாராம். "என்னம்மா, முடியலையா?"

"ஆமாங்க" என்றேனாம்.

விடைத்தாள்களை அப்படியே ஈரத்தில் போட்டுவிட்டு ஊசியை எடுத்துத் தொடையில் குத்தியிருக்கிறார். விசிலை ஆம்புலன்சுக்குப் போன் பண்ணச் சொல்லிக் கத்தினாராம். இவர் கத்தி நான் கேட்டதே இல்லை. அன்றைக்கும் கேட்கக் கொடுத்துவைக்கவில்லை.

"நடிப்பு இல்லைன்னு எப்படித் தெரிஞ்சுது?" என்று இன்று கேட்டேன்.

"பதினெட்டு வருஷத்துல நான் கேட்டதுக்கு நீ ஒரு தடவைகூட ஆமாங்கன்னு சொன்னதில்ல. எரிஞ்சு விழுவே. அன்னைக்கு விழல. எனக்கு உசிரே போயிடுச்சு."

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். பயமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது.

மார்ச் 24, செவ்வாய்

விசில் வந்தான். விசில் இல்லாமல் வந்தான். "நடிப்புன்னு நினைச்சிட்டேன்கா" என்று அழுதான். கண்ணு எங்கடா வச்சிருந்தே, உதடு வெளுத்தது தெரியலையா, இதுக்கா உனக்குச் சொல்லிக்கொடுத்தேன் என்று வார்டே திரும்பிப் பார்க்கும்படி வாங்கு வாங்கென்று வாங்கினேன். வாந்தியை மறைச்சது யாரு? நான்தான். ஊசி விஷயத்தை மறைச்சது? அதுவும் நான்தான். அதுக்காக இவன் மேல கோபம் போயிடணுமா? போகல.

ஏப்ரல் 6, திங்கள்

மேனேஜரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பரிதாப முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. நீந்தலாம் என்று டாக்டர் சொல்லியிருப்பதையும் சொன்னேன். சரி, 18ஆம் தேதி நீந்திக் காட்டுங்கள், பார்க்கலாம் என்றார்.

பிறகு விசிலை உட்காரவைத்து மருந்தைக் கலக்க, ஊசியில் ஏற்ற, ஸ்பாஞ்சில் குத்தச் சொல்லிக்கொடுத்தேன்.

"கை நடுங்குதுக்கா."

"நடுங்கட்டும். குத்துடா."

மோசமாகக் குத்தினான். மறுபடி குத்தவைத்தேன்.

ஏப்ரல் 18, சனி

விடியும்போதே உடம்பு அனலாகக் கொதித்தது. நீச்சலுடை நேற்றே பையில் வைத்தாயிற்று. அதைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். யாரையாவது அறைய வேண்டும்போல் இருந்தது.

டாக்டர் சொல்லியிருந்தபடி மாத்திரையை இரண்டு மடங்காகப் போட்டேன். மேனேஜருக்குப் போன் செய்தேன்.

"காய்ச்சல். இன்னைக்குத் தண்ணியில இறங்க மாட்டேன்."

"அப்ப அந்த நாற்காலி..."

"அதுக்குக் கால் நாலு இருந்தாலும் எங்கயும் நடந்து போயிடாது. வைங்க போனை."

திரும்பினால் இவர் செருப்பு மாட்டி, விடைத்தாள் கட்டும் பையுமாக வாசலில் நிற்கிறார்.

"என்ன பாத்துக்கிட்டு நிக்கறீங்க? வாந்தியெல்லாம் இல்ல. மாத்திரை உள்ளதான் இருக்கு. செருப்பைக் கழட்டிட்டு வந்து தெர்மாமீட்டர் எங்கன்னு தேடுங்க."

கழற்றினார். தேடப் போனார்.