பந்தைப் பார்க்காத மனிதன்

அக்டோபர் 4, சனி
சத்தியமாகச் சொல்கிறேன்: இனி நான் எழுதப்போவதை எல்க்ரிட்ஜ் ஊரில் ஒருவரும் நம்பமாட்டார்கள். டெல்பர்ட் ஹ்ருஸ்கா ‘விடிந்துவிட்டது’ என்றால் ஜன்னலைத் திறந்து சரிபார்க்கும் ஊர் இது. எங்கள் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணியில் ஆடிய பழைய ஆட்டக்காரர்களுக்கு நான்தான் செய்திமடல் எழுதுகிறேன். அதில் செத்துப்போனவர்கள்கூட வருடத்துக்கு வருடம் இன்னும் வேகமாக ஓடியிருக்கிறார்கள்.

இன்று அரங்கின் எதிர்ப்பக்கம் ஒரு சாம்பல் தொப்பிக்காரன். பந்து வலப்பக்கம் பறக்கிறது, ஊரே தலையைத் திருப்புகிறது. அவன் தலை மட்டும் அசையவில்லை. உளவாளி! மாதக் கடைசியில் ஹார்வெல் கல்லூரியோடு ஆட்டம். நம் சைகைகளைத் திருட வந்திருக்கிறான்.

அக்டோபர் 11
மறுபடியும் வந்தான். உள்ளங்கையைக் கீழ்நோக்கி அழுத்தி அழுத்திக் காட்டுகிறான். நடுவில் குனிந்து, கால்களுக்கிடையே பந்தைப் பின்னால் தரும் நம் முதலாண்டுப் பையன் கேலப் அதைப் பார்த்துத் தலையசைக்கிறான்!

“ஒரு கிழவன் கையை ஆட்டுறான். அதுக்குப் பட்டாளத்தக் கூப்பிடுவியா?” என்றாள் என் மனைவி லவோன். “போன வருஷம் தபால்காரரையும் இப்படித்தான் சொன்னே.”

தபால்காரர் விவகாரம் இன்னும் முடியவில்லை என்பதே என் கருத்து.

அக்டோபர் 13
கோச் ப்ரூயிட்டிடம் சொன்னேன். நம்பிவிட்டார். என்னை! எனக்கே பயமாக இருந்தது.

அக்டோபர் 15
அந்த ஆள் யார் என்று கேட்டதற்குக் கேலப் வாயே திறக்கவில்லையாம். இனி அவன் பெஞ்சில்தான். படிப்புக்கான உதவித்தொகையும் போகலாமாம். கிழவனைத்தானே பிடிக்கச் சொன்னேன்? பையன் என்னய்யா பண்ணினான்?

அக்டோபர் 18
கேலப்பைக் களத்தில் இறக்கவில்லை. தொப்பிக்காரன் பாதியில் எழுந்து போனான். ஆட்டத்துக்கு முன் எங்கள் வண்டியருகே சாசேஜ் இறைச்சி சுட்டபோது பையில் செருகிய இடுக்கியை ஏந்தி, மாபெரும் தளபதியாக, வண்டி நிறுத்துமிடம் வரை துரத்தினேன்.

“யாருய்யா நீ? ஹார்வெல் ஆளா?”

“ஆமா.”

திருடனே ஒப்புக்கொண்டால் அப்புறம் என்ன கேட்பது?

“கேலப் என் பொண்ணோட பையன். முட்டும்போது இடது கையைத் தூக்கிடுறான். தாழ வைடான்னு காட்டினேன். நான் ஹார்வெல் பழைய ஆட்டக்காரர் சங்கத் தலைவன். பேரன் உங்க சிவப்புச் சட்டையில ஆடுறான்னு தெரிஞ்சா என்னை உரிச்சுடுவானுங்க. அதான் யார்கிட்டயும் சொல்லாதேன்னு அவன்கிட்ட சத்தியம் வாங்கினேன்.” சட்டென்று என் முகத்தை உற்றுப் பார்த்தான். “அட, ஹ்ருஸ்கா! இந்த மூக்கு நான் உடைச்சதாச்சே!”

நார்பர்ட் ஸ்டம்ப்! 1983 ஹார்வெல் ஆட்டத்தில் என்னோடு முட்டியவன். ஏழடி உயரம், இரட்டை வரிசைப் பல் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். என் தோள்வரைதான் வருகிறான்.

களத்தில் முன்வரிசையில் நின்று முட்டி மோதியவன் எவன் பந்தைப் பார்த்தான்? முட்டுகிற வரிசையைத்தான் பார்ப்பான். அரங்கில் பந்தோடு திரும்பாத இன்னொரு தலை என்னுடையது. இல்லையென்றால் அவன் என் கண்ணில் பட்டிருப்பானா? மடையா, டெல்பர்ட்!

அக்டோபர் 20
கோச்சிடம் உண்மையைச் சொன்னேன்.

“டெல், போன வாரம் உளவாளி, இந்த வாரம் தாத்தாவா? அடுத்த வாரம் தேவதூதனா?”

நார்பர்ட்டுக்குப் போன் செய்தேன். நீயே வந்து கோச்சிடம் சொல் என்றேன். “பார்க்கலாம்” என்று வைத்துவிட்டான்.

அக்டோபர் 25
ஹார்வெல் ஆட்டம். வழக்கம்போல் எங்கள் வண்டிகளுக்கு நடுவே அணி அரங்குக்கு நடந்து வந்தது. எங்கும் சிவப்பு. அதன் நடுவில் ஹார்வெல்லின் பச்சை மேலங்கியோடு நார்பர்ட், கோச்சை வழிமறித்து நின்றான். சாசேஜ் கருகியது, ஒருவரும் புரட்டவில்லை.

“இந்தப் பையனோட தாத்தா நான். இந்த ஹ்ருஸ்கா மூக்கை உடைச்சதும் நான்தான். இவர் சொன்னது நிஜம்.”

“தாத்தா…” என்றான் கேலப்.

“அப்போ ஃப்ரிட்ஜ் கதவுல இடிச்சுக்கலையா?” என்றாள் லவோன். என் கதையை நம்பாமல் இத்தனை வருடமாக அப்படித்தான் நினைத்திருக்கிறாள்.

கோச் பேரனையும் தாத்தாவையும் மாறிமாறிப் பார்த்தார். “கேலப், ஹெல்மெட்டை மாட்டு.”

அக்டோபர் 27
செய்திமடல் போய்விட்டது. அதில் கேலப் பதினொரு பேரையும் கோல் கம்பத்தையும் அடுத்த மாவட்டம்வரை தள்ளிக்கொண்டு போனான். நார்பர்ட் எட்டடி ஆகிவிட்டான். உண்மையில் நாங்கள் தோற்றோம். பையனின் இடது கை மட்டும் ஒருமுறைகூட உயரவில்லை.

நார்பர்ட்டைத் தலைவர் பதவியிலிருந்து எடுத்துவிட்டார்களாம். வரும் சனிக்கிழமை எங்கள் வண்டி அருகே இன்னொரு நாற்காலி போடச் சொல்லிவிட்டாள் லவோன்.

எட்டடி பொய். ஏழடியும் பொய். மூக்கு மட்டும் நிஜம்.