மேற்கே வைத்த கடல்

இயேசு மரி சூசை துணை

மில்லர்புரம், தூத்துக்குடி
நவம்பர் 16

அன்பு மகன் ஜாக்சனுக்கு அம்மா எழுதுகிறேன். பனிமய மாதா புண்ணியத்தில் எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை, முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முணங்குகிறது. நீயும் என் மருமகள் அனிஷாவும் அந்த மழை ஊரில் சளி பிடிக்காமல் இருக்க வேண்டும் என்று பூசையில் தினமும் உங்கள் பெயரைச் சொல்லிக்கொள்கிறேன். வாட்ஸப் இருக்க அம்மா எதற்குத் தாளில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் நான் சொல்லி முடிப்பதற்குள் நீ சரிம்மா சரிம்மா என்று வைத்துவிடுகிறாய், தாளை அப்படிப் பாதியில் வைக்க முடியாது. இந்தக் கிறிஸ்துமஸுக்கும் ஆஸ்பத்திரியில் லீவு இல்லை என்று போன வாரம் சொன்னாய், நானும் சரிப்பா என்றுதான் சொன்னேன். வைத்த பிறகு சரியாக இல்லை. அப்பா போனதற்கு அப்புறம் இது மூன்றாவது கிறிஸ்துமஸ். ஒற்றை ஆளுக்கு எதற்கு முறுக்கு என்று இந்தத் தடவை மாவு இடிக்கவே சொல்லவில்லை.

உன் கதைக்கு நீ கேட்ட வரைபடம் முடிந்துவிட்டது, இந்தக் கடிதத்தோடு சுருட்டி வைத்திருப்பது அதுதான். இல்லாத நாட்டுக்கு முந்நூறு வருஷத்துப் பழைய வரைபடம் வேண்டும் என்று நீ கேட்டதை பிரஸ்ஸில் செல்லப்பாண்டி அண்ணாச்சியிடம் சொன்னேன். இல்லாத ஊருக்கு மேப்பு போட்டா யாரு போகப் போறா என்று ஒரே சிரிப்பு, ஆனாலும் மனுஷர் ஞாயிற்றுக்கிழமைக்கு பிரஸ் சாவியை என் கையில் கொடுத்துவிட்டார். எனக்கும் வசதிதான், பூசை முடிந்து வீட்டுக்குப் போனால் சுவரைத்தான் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். இருபத்திரண்டு வருஷம் கல்யாணப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலி போஸ்டரும் போட்ட கைக்கு இது எம்மாத்திரம் என்று ஜம்பமாகத்தான் போட்டோஷாப்பைத் திறந்தேன். வெள்ளைத் தாளைத் தேயிலைத் தண்ணீரில் முக்கி மொட்டைமாடியில் காயப்போட்டால் பொரித்த அப்பளம் மாதிரி வளைந்துவிட்டது, அதை அழுத்திப்பிடித்து ஸ்கேன் பண்ணி லேயர் என்று சொல்லுகிற அடுக்குகளில் அடியில் வைத்து, கோடெல்லாம் தாளுக்குள் ஊறின மாதிரித் தெரிய மல்டிப்ளை போட்டேன். மலைக்கு நானே ஒரு பிரஷ் செய்தேன், மவுஸை ஒரு தட்டுத் தட்டினால் ஒரு மலை. பழைய மை கறுப்பாக இருக்காதே, பழுப்பாக வெளிறித்தானே இருக்கும், அதனால் என் ஞானஸ்நானப் பத்திரத்தை ஸ்கேன் பண்ணி அந்த மை நிறத்தையே தொட்டு எடுத்தேன். கடல் பூதம் கேட்டிருந்தாய், திரேஸ்புரத்தில் ஏலத்துக்குக் கிடந்த ஒரு பெரிய திருக்கையை போனில் எடுத்தேன், எக்கா மீனு வாங்குதியளா படம் புடிக்கியளா என்று மீன்காரன் சத்தம் போட்டான். அதற்குப் பல்லும் கொம்பும் வைத்ததும் அசல் பூதமே ஆகிவிட்டது. திசைகாட்டியில் வடக்கு தெற்கு என்று எழுதாமல், தோணியில் போன காலத்தில் அப்பா சொல்லுகிற வாடை, சோழகம், கொண்டல், கச்சான் என்ற காற்றுப் பெயர்களையே நாலு பக்கமும் போட்டேன்.

எல்லாம் நன்றாகத்தான் போனது. படத்தை அனுப்பினேன், நீ போனில் என்ன சொன்னாய், அம்மா கடலு இடது பக்கம், எங்க நாட்டுல சூரியன் கடல்லதான் விழும் என்று. ஏலே, கடற்கரை என்று எழுதினாயே தவிர எந்தப் பக்கம் என்று எழுதினாயா? கடல் என்றால் கிழக்குதானே, அதில் கேட்க என்ன இருக்கிறது என்று நான் வலது பக்கம் வரைந்துவிட்டேன். இங்கே கடலுக்கு வழி கேட்டால்கூட நேரா கிழக்க போங்க என்றுதானே சொல்லுவோம். சரி, படத்தைக் கண்ணாடியில் பார்க்கிற மாதிரித் திருப்பிவிட்டால் ஆச்சு என்று பார்த்தால் அதிலும் மண். பிரிண்டுக்குப் போகிற பைல் என்றால் லேயரையெல்லாம் ஒன்றாக்கி மூடுகிற பிரஸ் பழக்கத்தில் இதையும் மூடித் தொலைத்திருக்கிறேன், பிரித்து வைத்த காப்பியும் இல்லை. திருப்பினேன், கடல் இடது பக்கம் போனது, கூடவே நீ கொடுத்த நாற்பத்தொரு பெயரும் இடவலம் மாறிவிட்டது. திங்கட்கிழமை வேலைக்கு வந்த பக்கத்து சிஸ்டம் சரண்யாதேவி அதை எட்டிப் பார்த்துவிட்டு, எக்கா இது என்ன பாஷை, ஒங்க மவன் இருக்க ஊரு பாஷையா என்று கேட்கிறாள். கிழக்கே இருக்க வேண்டிய கொண்டல் மேற்கில் இருந்தும் மேற்கே இருக்க வேண்டிய கச்சான் கிழக்கில் இருந்தும் வீசுகிறது, அப்பா இருந்திருந்தால் என்னை ஓட ஓட விரட்டியிருப்பார். அப்போதுதான் எனக்கு உறைத்தது, நீ இருக்கிற அந்த மழை ஊர் கால்வேயில் கடல் மேற்கே இருக்கிறது என்று நீயே ஒரு தடவை சொல்லியிருக்கிறாய். நான் உனக்கு நம் கடலை வரைந்து வைத்திருக்கிறேன், நீ உன் ஜன்னலில் தெரிகிறதை எழுதியிருக்கிறாய். உன் கடல் மாறி எத்தனை வருஷம் ஆகிறதோ, எனக்குத்தான் தெரியவில்லை.

பிறகு ஒவ்வொரு பெயராக அழித்து, தாள் நிறத்தை ஒட்டி, திரும்ப டைப் அடித்தேன். முதல் தடவை உன் மெயிலில் இருந்து அப்படியே எடுத்து ஒட்டியதால் ஒன்றையும் வாசிக்கவில்லை. இப்போது ஒவ்வொன்றும் என் விரல் வழியாகப் போனது. தெற்கே கடைசியில் சிலுவை முனை. சிலுவை என்று அப்பா பெயரை அடிக்கும்போது கண் மறைத்து இரண்டு தடவை பிழையாக விழுந்தது. ஆற்றுக்கு அனிஷா, துறைக்கு உன் கூட்டாளி டெரன்ஸ், நம் வீட்டு நாய் டைகருக்குக்கூட ஒரு குன்று. நாற்பத்தொன்றும் முடிந்தது, ஹில்டா என்ற என் பெயர் இல்லை. ஒருவேளை விட்டிருப்பேன் என்று மெயிலைத் திறந்து மேலிருந்து கீழே மறுபடியும் பார்த்தேன், அதிலும் இல்லை. கோபம் வந்தது ஜாக்சன், பொய் சொல்ல மாட்டேன். நாய்க்கு ஒரு குன்று, பெற்றவளுக்கு ஒரு குட்டை கிடையாதா? கரைக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தீவு வரைந்து என் பெயரை எழுதினேன், கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன், வெட்கமாகப் போய்விட்டது, அழித்துவிட்டேன். கதை உன்னுடையது, கெஞ்சிக் கேட்டு வாங்குகிற இடமா அது? வரமாட்டேன் என்று சொன்னவளுக்கு எதற்கு இடம் என்று நீ விட்டிருப்பாயோ என்று ஒரு நினைப்பு வந்தது, அது வந்ததில் இருந்து சோறு இறங்கவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

அப்பா அடக்கம் முடிந்து நீ பெட்டி கட்டும்போது, எங்ககூட வந்துருங்கம்மா என்று கேட்டாய். நான் எங்கன வர, நீ போலே என்று சொல்லிவிட்டேன். ஏன்பா, நம் ஆட்கள் முதல் தடவை வேண்டாம் என்றால் அது வேண்டாம் என்று அர்த்தமா? ஒரு வீட்டுக்குப் போகிறோம், காப்பி குடிக்கியளா என்று கேட்கிறார்கள், இப்பத்தான் குடிச்சிட்டு வாரேன் என்கிறோம், அவர்கள் அதைக் காதில் வாங்காமல் போட்டுக்கொண்டு வந்து நீட்டுகிறார்கள், நாம் வாங்கிக் குடிக்கிறோம். நானும் நீ மறுபடி கேட்பாய் என்றுதான் இருந்தேன். ஏர்போர்ட்டுக்குக் கார் ஏறுகிற வரைக்கும் உன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த ஊரில் ஒருத்தர் வேண்டாம் என்றால் மறுபடி கேட்பது மரியாதை இல்லையாம், அனிஷா சொன்னாள். இருக்கட்டும், நான் அந்த ஊர்க்காரி இல்லையே. உனக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன், நான் பாஸ்போர்ட் எடுத்து இரண்டு வருஷம் ஆகிறது. விசாரிக்க வந்த போலீஸ்காரர் எதுக்கும்மா வெளிநாடு என்று கேட்டார், மகன் கூப்புடுதான் என்று கூசாமல் சொன்னேன். பீரோவில் அப்பாவின் வேட்டிக்கு அடியில் இருக்கிறது, ஒரு முத்திரை கிடையாது. காலத்துக்கும் உங்கள் தலையில் உட்கார வேண்டும் என்று இல்லை, மூன்று மாதம் போதும், அண்ணாச்சி லீவு தருவார். எனக்குத் தனியாக இருக்க முடியவில்லை ஜாக்சன்.

மழையில் நனைந்துவிட்டு ஈரத்தலையோடு டியூட்டிக்குப் போகாதே, அனிஷாவைச் சாப்பிடாமல் விடாதே. மாதா உங்கள் இரண்டு பேரையும் கை நிறைய, மனம் நிறைய வைத்திருக்கட்டும், உங்கள் நெற்றியில் சிலுவை போட்டு முத்தம் கொடுத்ததாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். இதை வாசித்துவிட்டு நீ போன் பண்ணி வாங்கம்மா என்றால், நான் எங்கன வர என்றுதான் முதலில் சொல்லுவேன், என் வாய் அப்படிப் பழகிவிட்டது. வைத்துவிடாதே. இன்னொரு தடவை கேள்.

இப்படிக்கு
உன் அம்மா
சி. ஹில்டா