சிவலை நின்ற இடம்

கிளிவெட்டி
12.2.1943

மச்சாள் சிவபாக்கியத்துக்கு,

நான் சுகம். உன் சுகத்தை மூதூர்த் தோணிக்காரர் ஸெய்னுதீன் சொன்னார். வெள்ளைக்காரரின் குதிரைப் பந்தயத்துக்குப் போனாயாம், பல்லுத் தெரியச் சிரித்தாயாம். துறைமுகத்தில் குண்டு விழுந்து என் தம்பி போய் ஒரு வருசம் ஆகவில்லை. உனக்கு வெட்கமில்லையா? உடனே இங்கே வந்து, வருசம் முடிந்து ஆட்டைத் திவசம் ஆகும் வரை வீட்டுக்குள் இரு. வராவிட்டால் திவசத்தை நானே இங்கே செய்வேன். நீ என் படி ஏறாதே.

சிவக்கொழுந்து

திருகோணமலை
16.2.1943

அன்புள்ள மச்சாளுக்கு,

உங்கள் கடிதத்தைப் பக்கத்து வீட்டுச் சுபைதா வாசித்துக் காட்டினாள். மறுமொழியை நானே எழுதுகிறேன். எழுத்துப் பிழையைப் பொறுங்கள். கோபத்தைப் பொறுக்க வேண்டாம்.

ஓம், போனனான். ஏன் போனேன் என்று கேட்டீர்களா? உங்கள் தம்பியின் கரத்தை வண்டியை இழுத்த சிவலைக் குதிரைக்குத் தீனி போட ஏலாமல் படைக்காரத் துரைமாருக்குக் கொடுத்தேனே, அது ஓடுகிறது என்று சுபைதா வந்து சொன்னாள். வெள்ளைச் சேலையால் தலையை மூடிக்கொண்டுதான் போனேன். நல்ல பின்னேரம், மச்சாள். கடற்காற்று, பாண்டு வாத்தியம், சனம். சிவலை எல்லாவற்றுக்கும் முன்னால் ஓடியது. நானும் கத்தினேன். அதையும் எழுதி வையுங்கள்.

மைதானத்து மூலையில் அபூதாஹிர் நானாவின் தேத்தண்ணிக் கடை. உங்கள் தம்பி தினமும் அங்கேதான் கரத்தையை நிறுத்துவார். அவருக்குத் தேத்தண்ணி, சிவலைக்குப் பனங்கட்டி. பந்தயத்திலும் சிவலை அந்த மூலைக்கு வந்ததும் நட்டு வைத்ததுபோல் நின்றுவிட்டது. மேலே இருந்த துரை அதன் தலைக்கு மேலால் பறந்து மணலில் விழுந்தார். சிவலை கடைக்குள் தலையை நீட்டியது.

நானா பழக்கத்தில், உங்கள் தம்பியே வந்ததுபோல், "என்ன வல்லிபுரம், இண்டைக்குச் சுணங்கிப்போச்சு?" என்று கேட்டுவிட்டார். கேட்டதும் வாயைப் பொத்தி அழுதார். நான் சிரித்தேன். உங்கள் தம்பி போன பிறகு அன்றுதான் சிரித்தேன். அவர் நின்றிருந்தால் என்னைவிடப் பெரிதாகச் சிரித்திருப்பார் என்று அவருடைய அக்காவுக்குத் தெரியாதா?

துரை எழும்பிச் சவுக்கை ஓங்கினார். நான் கயிற்றுக்குக் கீழால் பூந்து கடிவாளத்தைப் பிடித்தேன். "அடிக்காதையுங்கோ! அது பிழை செய்யேல்லை. தேத்தண்ணிக்கு நிண்டது!" என் பேச்சு அவருக்கு விளங்கியிராது. என் முகம் விளங்கியிருக்கும். சவுக்கை இறக்கினார். ஸெய்னுதீன் இதைச் சொல்லவில்லையா? சிரித்தது மட்டும்தான் தோணி ஏறி வந்ததா?

குண்டு விழுந்த அன்று ஊரே காட்டுக்கு ஓடியது. நான் துறைமுக வாசலில் நின்று அவரைத் தேடினேன். அவருடைய சால்வையை வைத்துத்தான் ஆள் அடையாளம் சொன்னேன். அப்படிப்பட்ட எனக்கு அழுகிற விதம் நீங்கள் பழக்க வேண்டாம்.

கிளிவெட்டிக்கு வரமாட்டேன். திவசம் இங்கேதான், அவர் இருந்த வீட்டில். நீங்கள் வராவிட்டாலும் உங்களுக்கு ஓர் இலை போடுவேன்.

சிவபாக்கியம்

கிளிவெட்டி
2.3.1943

சிவபாக்கியத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மூத்தவளுக்கு எழுதுகிற கடிதமா அது? வந்து பேசிக்கொள்கிறேன்.

திவசத்துக்கு முதல் நாள் தோணியில் வருவேன். அரிசி வாங்காதே, நம் வயல் அரிசி கொண்டு வருகிறேன். என்னை அபூதாஹிரின் கடைக்கு ஒருக்கால் கூட்டிக்கொண்டு போ. துரையிடம் கேட்டால் சிவலையை அங்கே கொண்டுவர விடுவாரோ?

பனங்கட்டியும் கொண்டு வருகிறேன்.

சிவக்கொழுந்து