கிழிந்தது எந்தக் காது?

1946 ஜூன் 12, புதன்.

குழந்தை தோட்டைப் பிடித்து இழுத்ததில் கிழிந்த காதைத் தைக்க, இன்று இவரோடு தியாகராய நகர் டாக்டரிடம் போனேன்.

"அப்படியே மூக்கையும் எடுப்பா பண்ணிடலாம் சார்" என்றார் டாக்டர், இவரிடம். மூக்கைப் பற்றி யார் கேட்டது? இதுவரை எத்தனை காது தைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். "உங்க வீட்ல ரொம்பப் பயப்படறாங்க சார்" என்று அதற்கும் இவரைப் பார்த்தே சிரித்தார். கிழிசலை மறைக்க நான் போட்டிருந்த முக்காட்டை விலக்கச் சொல்லவே இல்லை.

"எந்தக் காது சார்?"

"இடது" என்றார் இவர், கொஞ்சமும் யோசிக்காமல். டாக்டரும் எழுதிக்கொண்டார்.

கிழிந்தது வலது. எழுந்து வந்துவிட்டேன்.

பஸ்ஸில் என் வலப்பக்கம் உட்கார்ந்து, "நல்ல டாக்டராச்சே, ஏன் எழுந்து வந்தே?" என்று மயிலாப்பூர் வரை கேட்டுக்கொண்டே வந்தார்.

டாக்டரையாவது மாற்றிக்கொள்ளலாம்.