அட்டையில் ஆறு தலை

ஹெரிங் முனை உயிர்காப்பு நிலையம்,
மிச்சிகன் ஏரி,
16 ஜூலை 1908

அன்பு ஆல்மா,

மில்வாக்கியில் அக்கா வீட்டில் நலமாக இருப்பாய். இத்துடன் ஒரு படத் தபால் அட்டை. செவ்வாய்தோறும் நாங்களே படகைக் கவிழ்த்து, நாங்களே நிமிர்த்தி ஏறுவோமே, அந்தப் பயிற்சிதான். ‘கொடும்புயலில் வீர மீட்பு’ என்று அச்சடித்திருக்கிறார்கள். அன்று கொடியில் காய்ந்த துணிகூட அசையவில்லை. குடை பிடித்து வேடிக்கை பார்த்த சீமாட்டிகளைப் படத்திலிருந்து வெட்டிவிட்டார்கள். கடையில் நன்றாக விற்கிறது. எப்போது நம் வீட்டுக்குத் திரும்பி வருவாய்?

உன் நெல்ஸ்

மில்வாக்கி,
20 ஜூலை

அன்புள்ள நெல்ஸ்,

படகில் ஏழு பேர் போவீர்கள். அட்டையில் ஆறு தலைதான். ஆறிலும் உங்கள் தலை இல்லை. “அச்சுல மங்கியிருக்கும்டி, மீசையை மட்டும் தேடிப் பாரு” என்கிறாள் அக்கா. பூதக்கண்ணாடி வைத்துத் தேடினேன். மீசையும் இல்லை.

நான் ஏரிக்குப் பயந்து ஓடிவந்தேன் என்று அங்கே பேச்சாம். ஏப்ரலில் நான்கு பேரைக் கரைசேர்த்துவிட்டு, நீலம் பாரித்த உதட்டோடு “ஒண்ணுமில்ல, கொஞ்சம் குளிர்” என்றீர்களே, அதற்குப் பயந்துதான் வந்தேன். எல்லாவற்றுக்கும் ஒண்ணுமில்லை என்கிறவரோடு எப்படிக் குடித்தனம் செய்வது? படம் எடுத்தபோது எங்கே இருந்தீர்கள்? உண்மையை எழுதுங்கள். இல்லாவிட்டால் எழுதவே வேண்டாம்.

ஆல்மா

ஹெரிங் முனை,
24 ஜூலை

ஆல்மா கண்ணே,

படகுக்கு அடியில் இருந்தேன். கவிழ்ந்ததும் படமெடுப்பவர் கரையிலிருந்து, “யாரும் அசையாதீங்க!” என்று கத்தினார். பதினோரு வருடமாகக் கட்டளைக்குப் பழகிய உடம்பு. அசையவில்லை. மற்றவர்கள் மேலே தொற்றிக்கொண்டு முகத்தைச் சரிசெய்துகொண்டார்கள். அவர் நிதானமாக மூன்று படம் எடுத்தார். கடைசியில் கேப்டன் படகைத் தட்டினார்.

“யோவ் நெல்ஸ், உசுரோட இருக்கியா?”

“இருக்கேன் கேப்டன். இப்ப அசையலாமா?”

கரையே சிரித்தது. வெளியே வந்து நானும் சிரித்தேன். “ஒண்ணுமில்ல” என்றும் சொன்னேன்.

ஒன்றுமில்லாமல் இல்லை. உள்ளே இருட்டு, தலைக்கு மேல் ஒரு சாண் காற்று. மூச்சு முட்டியது. பயந்தேன், ஆல்மா. ஏப்ரலிலும் பயந்தேன். ஒவ்வொரு முறையும் பயந்திருக்கிறேன். இதை எழுதி மூன்று தாள் கிழித்தாயிற்று. இது நான்காவது.

நெல்ஸ்

மில்வாக்கி,
28 ஜூலை

என் நெல்ஸ்,

அக்கா கேட்டும் கடிதத்தைக் காட்டவில்லை. அது எனக்கு எழுதியது.

வெள்ளிக்கிழமைக் கப்பலில் வருகிறேன். அன்று உங்களுக்கு விடுப்பில்லை என்பது தெரியும். நிலைய வாசலில் நின்று கையாட்டினால் போதும். பயமாக இருந்தால் கொஞ்சம் வேகமாக ஆட்டுங்கள். நான் பார்த்துக்கொண்டேதான் வருவேன்.

உங்கள் ஆல்மா